மூன்றாம் வரிசையில் ரேடியோக்காரர்கள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே படிக்கட்டு ஏறிப் போனால் ஒரு மண்டபம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் வயசுக்காரர்களைத்தான் கேட்கிறேன், சின்னவர்களுக்குத் தெரிய வழியில்லை. தகரக் கூரை, பலகைத் தரை. மழை பிடித்துக்கொண்டால் பாடுகிறவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். சிவப்பு வெல்வெட் திரையில் பூச்சி உருண்டையும் ஈரமும் கலந்த வாடை அடிக்கும். திரையின் ஓரத்தில் மஞ்சள் குஞ்சங்கள் வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்று கழன்று விழுந்ததை அக்கா எடுத்து என் சடையில் முடிந்துவிட்டாள். அந்தக் குஞ்சத்தை எங்கே தொலைத்தேன் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் பிடிபடுகிறது, அதுதான் தொல்லை.

மண்டபத்தைப் புதுசாக்கித் திறந்த வருஷம் அது. பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி, பங்குனி வரைக்கும் சனிக்கிழமைதோறும் அங்கே ஏதாவது நடந்தது. கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிந்துவிடும்படி பகலிலேயே வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு வயலின்காரர் வந்தார். அவருக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வில்லை நிறுத்தாமலே தும்மினார். சிங்கள நாடகக் கோஷ்டி ஒன்று வந்தது. பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ராட்சசன் மேடையை விட்டு பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி வந்தபோது எல்லாரும் சேர்ந்துதான் அலறினோம். எனக்குப் பக்கத்தில் இருந்த சிங்களத்து அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டதில் அவருடைய சுருட்டு வாசனை என் கம்பளியில் ஒரு வாரம் இருந்தது.

நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா சில்லறைக் கங்காணி, கொஞ்சம் ஆட்களை வைத்து மேய்ப்பவர். கங்காணி என்றால் கோட்டு வேண்டும், தலைப்பாகை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே நாலு பேர் முன்னால் தலை குனியாமல் இருக்க வேண்டும். அம்மாவும் அக்காவும் கொழுந்து பறித்தார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன், எட்டு ஒன்பது வயசிருக்கும். அக்கா எனக்குப் பத்து வயசு மூத்தவள்.

அக்கா பாடுவாள். இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மார்கழி பஜனையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடினாலும், வீட்டுக்குள் படுத்திருக்கிறவர்கள் இது கங்காணி மகள் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டீச்சர் அப்படித்தான் அவளைக் கண்டுபிடித்தார். டவுன் மண்டபத்தில் சங்கீதமும் நாடகமும் பழக்கிவிடும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆர்மோனியத்தை வைத்து அக்காவைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளை, நீர் ரேடியோவில பாட வேண்டிய ஆள்," என்று சொல்லிவிட்டார். கொழும்பு ரேடியோவில் புதுக் குரல்களைத் தேடுகிறார்களாம், நல்லாத் தேறினால் எழுதிப் போடுவேன் என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து அக்கா வேறு ஆளாகிவிட்டாள். எங்கள் தோட்டத்தில் ரேடியோப் பெட்டி என்பது ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அவர் வீட்டு வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்து, "அந்தப் பொட்டிக்குள்ள நான் இருந்தா இந்த மலை முழுக்கக் கேக்கும் இல்லடி?" என்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நகை வேண்டாம், வேறு ஊர் வேண்டாம், தன் குரல் கேட்டால் போதும்.

டீச்சர் அப்பாவிடம் வந்து கேட்டபோது அப்பா முகத்தில் அடித்த மாதிரி மறுத்துவிட்டார். "கங்காணி மக கூத்தாடப் போனான்னு நாளைக்குப் பெரட்டுல நிக்கிறவன்லாம் சிரிக்கவாங்க டீச்சர்?" பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பது. அங்கே ஒரு சிரிப்புக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் மலை முழுக்கப் பரவிவிடும். கையோடு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஆரம்பித்தார்.

பெண் பார்க்க வந்தால் ஒரு பாட்டுப் பாடச் சொல்வார்கள் அல்லவா, நம் எல்லாருக்கும் நடந்ததுதானே. பெண் ஊமை இல்லை என்று தெரிந்துகொள்ளவாம். முதலில் மஸ்கெலியாவிலிருந்து வந்தார்கள். பாய் விரித்து, தேத்தண்ணி கொடுத்து, அந்த வீட்டம்மா "ஒரு பாட்டுப் பாடு தாயி," என்றார். அக்கா தாடையைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டாள் பாருங்கள். ஓட்டைத் துருத்தியை அழுத்தின மாதிரி இருந்தது. நான் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டேன். "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புறோமுங்க," என்று போனவர்கள் போனவர்கள்தான். அடுத்து வந்தவர்களுக்கும் அதே துருத்திதான். என்னிடம் மட்டும் அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தாள். கழுத்தை எப்படி இறுக்குவது, மூச்சை எங்கே உடைப்பது என்று எல்லாம். நானும் செய்து பார்த்தேன், எனக்கு இருமல்தான் வந்தது.

விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் வந்து போனவர்கள் சும்மா இருப்பார்களா? கங்காணி மகளுக்கு நெஞ்சில் சீக்கு, காசமாக இருந்தாலும் இருக்கும், குரலே காட்டிக்கொடுக்கிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையை எங்கள் வீட்டுக்குள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டாள். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கவே தயங்கினார். இது எங்களுக்கு, அதாவது அக்காவுக்கும் எனக்கும், அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது கூட்டம் ஒன்று வந்து போன அன்றைக்கு அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். நானும் பின்னாலே போனேன். மலையிலிருந்து தண்ணீர் வந்து விழும் அந்தக் குழாயடியில் யாரும் இல்லை. அவர்களைத் துரத்திய சந்தோஷத்தில் அக்கா வாய் விட்டுப் பாடினாள். டீச்சர் கட்டிக் கொடுத்த பாட்டு, மலையை விட்டு இறங்கிப் போகிற ஆறு திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பாட்டு. குடம் நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை. வந்தவர்களை ரோட்டில் வழியனுப்பிவிட்டு அப்பா அந்தக் குறுக்குப் பாதையில் திரும்பிக்கொண்டிருந்தார். தேயிலைக்கு மேலே அவருடைய தலைப்பாகை தெரிந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அடி விழும் என்று நின்றோம். அப்பா குடத்தைப் பார்த்தார். "தண்ணி வழியுது பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து அவரே அக்காவைக் கூப்பிட்டு, "டீச்சரம்மா சொன்னாங்கன்னா போய்ப் பாடு. தனியாப் போகாத, தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போ," என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பீலியடியில் கேட்ட பாட்டு அப்பாவின் மனசை மாற்றிவிட்டது என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன்.

அப்புறம் சனிக்கிழமைகள்தான். பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் வளைந்து வளைந்து இறங்குவோம். நான் நோர்வூட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்துவிடுவேன், அக்கா ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைப்பாள். மண்டபத்துப் பின்னறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் அட்டைக் கிரீடங்கள், கல் வைத்த ஒட்டியாணம், யாரோ ஒரு ராஜாவின் மீசை. நான் அந்த மீசையை ஒட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே உலாத்துவேன். எதிர்க்கடையிலிருந்து டீச்சர் எங்களுக்கு பனிஸ் என்கிற இனிப்பு ரொட்டியும் பால் விடாத பிளேன்டீயும் வாங்கித் தருவார். தேத்தண்ணிக்குள் முங்கின பனிஸ் உடைந்து விழுவதற்கு முன்னால் வாய்க்குள் போட வேண்டும், அது ஒரு பெரிய போட்டி எங்களுக்கு. அக்கா சிரித்தால் பின்னறைக் கண்ணாடி அதிர்கிற மாதிரி இருக்கும்.

முதலில் கூட்டுப் பாட்டில்தான் நின்றாள். பிறகு டீச்சர் எழுதிய நாடகத்தில் அவளுக்கு ராஜகுமாரி வேஷம், தனியாக ஒரு பாட்டு. அந்த ஆற்றுப் பாட்டுத்தான்.

அந்தச் சனிக்கிழமை அம்மா தன்னுடைய கல் தோட்டைக் கழற்றி அக்காவுக்குப் போட்டுவிட்டாள். "மேடையில வெறுங்காதோட நிக்காத," என்றாள். கோயில் திருவிழாவுக்குக்கூடத் தராத தோடு அது. அம்மாவும் அப்பாவும் எங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே டவுனுக்குப் போய்விட்டார்கள். மண்டபம் நிரம்பிவிட்டது. முன்னால் இரண்டு வரிசை பிரம்பு நாற்காலிகளில் துரைமாரும் டவுன் பெரிய மனிதர்களும். மூன்றாம் வரிசையில் கைவைத்த நாற்காலிகள். அதற்குப் பின்னால்தான் நம்முடைய பெஞ்சுகள்.

திரை ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அப்பா விரலைக் காட்டிக் கூப்பிட்டார். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். அப்பா அப்படிக் குந்தி என்னிடம் பேசியதே இல்லை. கோட்டிலிருந்து கற்பூர வாசனை வந்தது.

"மூணாவது வரிசையில பாரு. கருப்புக் கோட்டுக்காரர், பக்கத்துல பச்சைச் சேலை கட்டுன அம்மா, வெளங்குதா? அவங்க ரேடியோக்காரங்க. அக்காவக் கேக்கத்தான் வந்திருக்காங்க. ஓடிப் போய்ச் சொல்லு, நல்லாப் பாடச் சொல்லு."

நான் ஓடினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம், பலகைத் தரையில் சத்தம் வரும் என்பதையும் மறந்து ஓடினேன்.

அக்கா கிரீடம் வைத்து, ரோஸ் பவுடர் பூசி நின்றுகொண்டிருந்தாள். சொன்னேன். "யாருடி சொன்னா?" என்றாள்.

"அப்பா."

"அப்பாவே சொன்னாரா?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ரேடியோக்காரர்கள் வந்ததற்காக இல்லை, அப்பா சொல்லியனுப்பினார் என்பதற்காக. பவுடர் கரைந்துவிடப் போகிறதே என்று நான் என் பாவாடையால் ஒற்றினேன். ஆர்மோனியத்துக்கு முன்னால் இருந்த டீச்சரைப் பார்த்து, "நெசமா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் ஆர்மோனியத்தின் கட்டைகளையே பார்த்துக்கொண்டு, "நீர் நல்லாப் பாடும் பிள்ளை," என்றார்.

பாடினாள். அன்றைக்குப் பாடின மாதிரி அவள் பீலியடியில்கூடப் பாடியதில்லை. திரும்பிப் பார்க்கிற ஆறு என்று அந்த வரியை அவள் எடுத்தபோது, பின் பெஞ்சில் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகக் கிளம்பிய ஒரு அம்மா கதவிலேயே நின்றுவிட்டார். முன்வரிசைத் துரை புகைத்துக்கொண்டிருந்த சுங்கானை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் மூன்றாம் வரிசையைத்தான் பார்த்தேன். பச்சைச் சேலை அம்மா கோட்டுக்காரரின் காதில் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டினார். எங்கள் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

திரை விழுந்ததும் அவர்கள் பின்னறைக்கு வந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கூட வந்தார்கள். அம்மா கையில் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், பூ. ரேடியோக்காரர்களுக்கு எதற்குப் பாக்கு வெற்றிலை என்று நான் நினைத்தேன், அவ்வளவு மக்கு.

பச்சைச் சேலை அம்மா அக்காவின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். "சீக்குங் கிடையாது ஒண்ணுங் கிடையாது. என்னா கணீர்னு இருக்கு குரலு. எங்க வீட்டு வெள்ளிக்கெழம பூசைக்கு இனிமே ஆளு வேணாம்," என்றார். உடப்புசல்லாவையில் கடை வைத்திருக்கிற குடும்பம் அது. கோட்டுக்காரர் மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளை வாசலில் தூணோரம் நின்றுகொண்டிருந்தார்.

அப்பா வாயெல்லாம் பல்லாக, "எங்க புள்ள வீட்டுல பாட வெக்கப்படுங்க. இப்பிடி ஒரு எடத்துலதான் வாயத் தொறக்கும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பின்னறையிலேயே, தகரப் பெட்டியை மூடி அதன் மேல் தட்டை வைத்து, பாக்கு மாற்றிக்கொண்டார்கள். வெளியே அடுத்த நிகழ்ச்சிக்குக் கை தட்டும் சத்தம் கேட்டது.

அக்கா அப்பாவைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கிரீடத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "டீச்சர்கிட்டக் குடுத்துரு," என்றாள். அந்த அம்மா பூ வைப்பதற்கு வசதியாகத் தலையைக் குனிந்தாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். டிக்கோயா தாண்டியது. அப்புறம், "ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"சத்தியமாத் தெரியாதுக்கா."

சரி என்று தலையாட்டினாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பரிசம் போட்ட பெண் மேடை ஏறக் கூடாது என்று அதற்கப்புறம் விடவில்லை. வைகாசியில் கல்யாணம் முடிந்தது. பெரட்டில் எல்லாரும் அப்பாவை மெச்சினார்கள், சீக்குப் பேச்சு அடியோடு நின்றுவிட்டது. அவர் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கும் ஒரு மகள் பிறந்து வளர்ந்தபோது அது விளங்கியது. ஆனால் அந்தப் பயத்தை அவர் அக்காவிடமே சொல்லியிருக்கலாம். 'இந்தப் பேச்சை நீதாம்மா நிறுத்தணும்' என்று கேட்டிருந்தால் அவளே பாடியிருப்பாள். அவள் ஆசைப்பட்டதையே தூண்டிலில் மாட்டி, அதைப் போட என் கையைப் பிடித்தாரே, அதை நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை அவர் இதைத் தன் சாமர்த்தியமாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நான் இருப்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை.

பள்ளிக்கூட விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு அயல் சனமெல்லாம் வந்திருந்தது. மாமியார் பெருமையாக, "எங்க மருமகப் பாட்டக் கேளுங்க," என்றார். அக்கா குத்துவிளக்கு முன்னால் உட்கார்ந்து, தாடையைக் கழுத்தில் அழுத்தினாள். அதே ஓட்டைத் துருத்தி. எனக்குப் பழைய ஞாபகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அவள் என்னைப் பார்ப்பாளா என்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. துளிகூடச் சிரிக்காமல் பாட்டை முழுதாகப் பாடி முடித்தாள்.

மண்டபத்தில் அத்தனை பேர் கேட்டார்களே, கண் பட்டுவிட்டது என்றார் மாமியார். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கற்கண்டும் மிளகும் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு போய் வந்தார்கள். வருஷக் கணக்கில் அந்த வீட்டில் அவளைப் பாடச் சொன்னபோதெல்லாம் அவள் மறுக்காமல் பாடினாள், அந்தக் குரலில்தான் பாடினாள். கடைசியில் அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

டீச்சரை நான் மறுபடி பார்த்தது ஹட்டன் பஸ் ஸ்டாண்டில். எனக்கு அப்போது கல்யாணமாகி, இடுப்பில் பிள்ளை. அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற நேரம். "அக்கா பாடுறவவோ?" என்று கேட்டார். நான் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். அவரே சொன்னார்.

"உங்கட அப்பா என்னட்ட வந்து, மாப்பிளை வீட்டுக்காரர் மண்டபத்தில வச்சுப் பொம்பிளை பாக்கிறதெண்டால் மட்டும்தான் மேடைக்கு விடுவன் எண்டு சொன்னவர். நான் ஓமெண்டு சொல்லிப் போட்டன். இல்லாட்டி அவள் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டாள், பிள்ளை. ஒருக்காலாவது ஏறட்டும் எண்டு நினைச்சன்."

அப்படியென்றால் முதல் சனிக்கிழமையிலிருந்தே. பனிஸ், பிளேன்டீ, கூட்டுப் பாட்டு, ஆர்மோனியம் எல்லாமே அந்தப் பேரத்தில் வந்தவை. எங்கள் வீட்டிலும் மண்டபத்திலும் சேர்த்து, விஷயம் தெரியாமல் சந்தோஷமாக இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். டீச்சர் ஏதோ கேட்க விரும்புகிறவர் மாதிரி என் கையைப் பிடித்தார். என் பஸ் வந்துவிட்டது என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டேன். பஸ் வரவில்லை.

இதை அக்காவிடம் வெகுநாள் சொல்லவில்லை. அத்தான் போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் போனபிறகு அவள் என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் தங்கினாள். ஒரு காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சிக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. டீச்சர் சொன்னதை முழுக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டே உரித்தாள். "ம்," என்றாள்.

"இப்ப அவங்க யாருமே இல்லக்கா. அப்பா இல்ல, டீச்சர் இல்ல, ஒன் மாமியா இல்ல. எனக்காக ஒருக்கா அந்த ஆத்துப் பாட்டப் பாடேன்."

கையிலிருந்த போஞ்சியைக் கீழே வைத்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அன்றைக்குப் பின்னறையில் பார்த்த மாதிரியே. சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பாட ஆரம்பித்தாள்.

தாடையைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு, மூக்கு வழியாக.

வேண்டுமென்றே பாடினாளா, வேறு குரலே அவளுக்கு மிச்சமில்லாமல் போய்விட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வரி விடாமல் பாடி முடித்துவிட்டு, போஞ்சியை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினாள்.